வீட்டுக்குச் செலவு குறைவான பிரிண்டர்: டேங்கா, லேசரா, பேசாமல் ஜெராக்ஸ் கடையா?

கொள்ளிடத்தான் (கும்பகோணம்)

வணக்கம். வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்க வேண்டும். கடைக்குக் கடை ஒவ்வொன்று சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது.

தேவை இதுதான். மனைவி மாலையில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். வாராவாரம் டெஸ்ட். மாதம் 150 பக்கம் ஆகும், எல்லாமே கறுப்பு எழுத்துதான். பையன் ஆறாம் வகுப்பு. பிராஜெக்ட் என்று எப்போதாவது ராத்திரி எட்டு மணிக்கு மேல் கலர் படம் கேட்பான். ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்தால் ஜூன் வரை ஒரு பக்கம்கூடத் தேவைப்படாது, வீடே பூட்டிக் கிடக்கும். பட்ஜெட் 12,000. நல்லதென்றால் ஆயிரம் இரண்டாயிரம் கூடப் போகலாம்.

முன்பு ஒரு கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் இருந்தது, கம்பெனி பெயர் வேண்டாம். வாங்கியது 3,000 சொச்சம். கறுப்பு தீர்ந்தால் 900 ரூபாய். கலர் காய்ந்துபோனால் கறுப்பும் வராமல் அடம்பிடிக்கும். இப்போது பரணில் இருக்கிறது. அந்த மாதிரி இன்னொன்று மட்டும் வேண்டாம்.

பாபநாசம்பாலு

கண்ணை மூடிக்கொண்டு இன்க் டேங்க் வாங்குங்கள். எங்கள் வீட்டில் எப்சன் எல்3210. கறுப்பு பாட்டில் ஒன்று ஊற்றினால் 4,500 பக்கம் என்று போட்டிருக்கிறான். ஊற்றியதே மறந்துபோகும். ஸ்கேன், காப்பி எல்லாம் அதிலேயே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கணக்கர் (மதுரை)

பாலு சார் சொல்வது சரிதான், ஆனால் ஏன் சரி என்று போட்டுப் பார்த்துவிடுவோம். கடைக்காரர் பிரிண்டர் விலையைத்தான் சொல்வார். பக்கத்துக்கு என்ன ஆகிறது என்பதை நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

மாதம் 150, வருடத்துக்குப் பத்து மாதம். ஆக 1,500. மூன்று வருடத்துக்கு 4,500 பக்கம். விலைகள் உத்தேசம்தான், கடைக்குக் கடை மாறும்.

மலிவான கார்ட்ரிட்ஜ் மாடல்: எச்.பி. 805 கறுப்பு கார்ட்ரிட்ஜில் 120 பக்கம் வரும் என்று கம்பெனியே சொல்கிறது. 4,500 பக்கத்துக்கு 37, 38 கார்ட்ரிட்ஜ். ஒன்று 900 என்று வைத்தால் 34,000 ரூபாய். பக்கத்துக்கு ஏழரை ரூபாய்! 3,500 ரூபாய் பிரிண்டருக்கு இதுதான் வாடகை.

இதில் ஒரு நுணுக்கம். எல்லாக் கார்ட்ரிட்ஜும் ஒன்றல்ல. எச்.பி. 682 கறுப்பில் 480 பக்கம் வரும். அதன் விலை நாலு மடங்கு இல்லை. பத்துக் கார்ட்ரிட்ஜுக்குள் முடிந்துவிடும், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் சொச்சம். அதனால் பெட்டியில் பிரிண்டர் விலையைப் பார்க்குமுன் அது எந்தக் கார்ட்ரிட்ஜ் எடுக்கும், அதில் எத்தனை பக்கம் என்று பாருங்கள். ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பிரிண்டருக்குள் இவ்வளவு வித்தியாசம்.

இன்க் டேங்க்: பிரிண்டர் 11,000 முதல் 14,000 வரை. கறுப்பு பாட்டில் 400 ரூபாய் அளவில், 4,500 பக்கம். பக்கத்துக்குப் பத்துப் பைசாகூட இல்லை. கேனான் ஜி2010 போன்றவற்றுக்கு வரும் ஜி.ஐ.-790 கறுப்பு பாட்டில் இன்னும் பெரிது, 135 மில்லி, 6,000 பக்கம். மூன்று வருடத்துக்கு உங்களுக்கு மை செலவு ஆயிரத்தைத் தாண்டாது.

கணக்குப்படி டேங்க். வேறு பேச்சில்லை.

ஸ்க்ரூடிரைவர் (கோவை)

கணக்கர் போட்டது நல்ல கணக்கு. அதில் ஒரு வரி மட்டும் இல்லை: ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை வீடு பூட்டிக் கிடக்கும் என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறார்.

நான் பிரிண்டர் சர்வீசில் பல வருடம் இருந்தவன். ஜூன் முதல் வாரம் எங்களுக்குத் தீபாவளி. பள்ளி திறக்கும், லீவில் மூடி வைத்த இன்க் பிரிண்டர்கள் எல்லாம் வரிசையாக வரும். மையைத் தெளிக்கும் பாகத்துக்கு ஹெட் என்று பெயர், அதில் இருக்கும் துளைகள் தலைமுடியைவிடச் சின்னவை. மே மாத வெயிலில் பூட்டிய அறையில் மை காய்ந்து துளை அடைத்துக்கொள்ளும். பாட்டில் நிறைய மை இருக்கும், காகிதத்தில் கோடு கோடாக விழும்.

பாட்டிலில் போட்டிருக்கும் பக்கக் கணக்கு நிற்காமல் தொடர்ந்து அடித்து எடுத்த கணக்கு. வீட்டில் யாரும் அப்படி அடிப்பதில்லை. இன்று நாலு பக்கம், ஞாயிற்றுக்கிழமை பத்துப் பக்கம். இடையில் ஒவ்வொரு தடவையும் ஹெட் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், அதற்கும் மை போகும். அந்தக் கணக்கு பெட்டியில் வராது.

கொள்ளிடத்தான்

அண்ணா, அப்போ டேங்க் வாங்கினால் லீவில் என்ன செய்வது? பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுத்தான் போவோம். யாராவது வந்து ஒரு பக்கம் எடுத்தால் போதுமா?

ஸ்க்ரூடிரைவர்

போதும். வாரத்துக்கு ஒரு தடவை, நாலு கலரும் படுகிற மாதிரி ஒரு பக்கம். நாசில் செக் என்று துளை அடைத்திருக்கிறதா என்பதைக் காட்டும் சோதனைப் பக்கம் இருக்கிறது, அதுவே போதும், அதில் மையும் அதிகம் போகாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வாரம் செய்வார், மூன்றாவது வாரம் அவரும் ஊருக்குப் போய்விடுவார். மே மாதம் அல்லவா.

டேங்க் வைத்திருப்பவர்கள் எல்லாருக்குமாகச் சொல்கிறேன், சர்வீஸ் கடையில் பாதிக் கூட்டம் குறையும்.

முதலாவது, பிரிண்டரை அதன் சொந்த பட்டனில் அணையுங்கள். சுவர் சுவிட்சை நேராகத் தட்டாதீர்கள். பட்டனை அழுத்தினால் ஒரு கிர்ர் சத்தம் வரும் பாருங்கள், ஹெட் வலது ஓரம் போய் ரப்பர் மூடியின்மேல் உட்காரும் சத்தம் அது. அது உட்கார்ந்தால்தான் மை காயாது. வேலை நடக்கும்போது மெயினை அணைத்தால் ஹெட் நடுவழியில் நின்றுவிடும், திறந்த வாயோடு. நம் வீடுகளில் ராத்திரி படுக்கப் போகுமுன் எல்லா சுவிட்சையும் அணைக்கிற பழக்கம் இருக்கிறது. பிரிண்டர் பாதி செத்துப்போவது அதில்தான்.

இரண்டாவது, கோடு விழுந்தவுடன் ஹெட் கிளீனிங்கை ஏழெட்டுத் தடவை அடுத்தடுத்துக் கொடுக்காதீர்கள். ஒன்று கொடுங்கள், நாசில் செக் பாருங்கள், சரியாகவில்லையா, இன்னொன்று கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். மை ஊறி அடைப்பு தானே இளகும். ஒவ்வொரு கிளீனிங்கிலும் உறிஞ்சிய மை எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? அடியில் பஞ்சு மாதிரி ஒரு பேட் இருக்கிறது, அதில்தான். பேட் நிறைந்தது என்று உள்ளே இருக்கும் கவுண்டர் சொன்னால் பிரிண்டர் வேலைநிறுத்தம். நிறைய மாடலில் சர்வீஸ் கடைக்குத்தான் தூக்க வேண்டும். கேனான் ஜி2020, ஜி3020 வரிசையில் அந்தப் பேட் தனிப் பெட்டியாக வருகிறது, நாமே கழற்றி மாற்றலாம். விலை பார்க்கும்போது இதையும் பாருங்கள்.

மூன்றாவது, எப்சன் சின்ன மாடல்களில் டேங்கில் எவ்வளவு மை இருக்கிறது என்று மெஷினுக்கே தெரியாது. கண்ணால் பார்த்து நாம்தான் ஊற்ற வேண்டும். கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கினால் குழாயில் காற்று புகுந்துவிடும்.

ஹெட் போய்விட்டால்? எச்.பி., கேனான் டேங்க் மாடல்களில் ஹெட்டைக் கடையில் வாங்கி நாமே மாட்டலாம். எப்சனில் ஹெட் நீண்ட நாள் உழைக்கும், வெப்பமில்லாமல் அழுத்தத்தில் மை தெளிக்கும் வகை அது, ஆனால் போனால் மெக்கானிக் வேலை, விலையும் கடிக்கும்.

டியூஷன்டீச்சர் (பாளையங்கோட்டை)

நானும் டியூஷன் எடுக்கிறவள்தான். பிரிண்டர் எதுவானாலும் மை எங்கே வீணாகிறது என்று ஒன்று சொல்கிறேன், இதை யாரும் சொல்லவில்லை.

பள்ளியிலிருந்து ஒர்க் ஷீட் எப்படி வருகிறது? டீச்சர் மேசையில் வைத்து ஃபோனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார். ஓரத்தில் அவர் கை நிழல், காகிதம் சாம்பல் நிறம், மூலையில் மேசை விரிப்பு. அதை அப்படியே பிரிண்ட் கொடுத்தால் பக்கம் முழுக்க சாம்பல் பூசிக்கொண்டு வரும். எழுத்து மட்டும் இருக்கும் பக்கத்தில் மை படுவது நூற்றுக்கு ஐந்து பங்கு இடத்தில்தான். இந்த சாம்பல் பக்கத்தில் இண்டு இடுக்கு விடாமல் மை. ஒன்று எடுப்பதற்குள் ஐந்தாறு பக்கத்து மை போய்விடும்.

ஃபோனில் ஏதாவது ஸ்கேனர் ஆப் வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவை அதில் திறந்து கறுப்பு வெள்ளை ஃபில்டர் போட்டால் நிழல் போய்ப் பின்னணி பளிச்சென்று வெள்ளையாகிவிடும். அப்புறம் பிரிண்ட். அரை நிமிட வேலை.

பாடநூல் பி.டி.எஃப்.பும் அப்படித்தான். ஒவ்வொரு அலகு முதல் பக்கத்திலும் முழு அகலத்துக்கு நீலப் பட்டையும் படமும் இருக்கும். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கத்திலிருந்து எடுங்கள். மற்றதை கிரேஸ்கேலில்.

தமிழ் வினாத்தாள் அடிப்பவர்களுக்கு: ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் அடங்குவது தமிழில் ஒன்றரை ஆகும். எழுத்தை 12-லிருந்து 11 ஆக்கி, மார்ஜினைக் கொஞ்சம் குறைத்து, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளை இரண்டு பத்தியாகப் போட்டால் ஒரே பக்கத்தில் உட்காரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 11 நன்றாகவே தெரிகிறது. சின்ன வகுப்புக்கு மட்டும் குறைக்க வேண்டாம்.

ஜெராக்ஸ்கடை (திருவாரூர்)

நானே கடைக்காரன், அதனால் சொல்வதைச் சந்தேகத்தோடு படியுங்கள். ஆனாலும் சொல்கிறேன். மாதம் 30 பக்கத்துக்குக் கீழே என்றால் பிரிண்டரே வாங்காதீர்கள். பிரிண்ட் ஒரு பக்கம் மூன்று, ஐந்து என்று வைத்தாலும் மாதம் 100, 150 ரூபாய். 12,000 ரூபாய் பிரிண்டர் விலை எடுக்க ஏழு முதல் பத்து வருடம். அதற்குள் அது இருக்குமா?

கொள்ளிடத்தான் சாருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 20 பிள்ளைகளுக்கு ஒரே வினாத்தாள் என்றால் அசலில் ஒன்று எடுத்து வந்து மீதியை ஜெராக்ஸ் போடுங்கள். எண்ணிக்கை கூடினால் ஒரு ரூபாய்க்கே போடுவோம், இரண்டு பக்கமும். போட்டித்தேர்வுப் பிள்ளைகள் 600 பக்கம், 800 பக்கம் கைடு எடுக்க வருகிறார்கள்; அவர்களிடம் அதற்கும் கீழே வாங்குகிறோம், ஏனென்றால் சென்னையில் இதைவிடக் குறைத்துப் போட்டு கூரியரில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுப் பிரிண்டரில் 800 பக்கம் எடுக்கிறேன் என்று உட்காராதீர்கள், அது அதற்குச் செய்ததல்ல.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தட்டி, காலையில் எக்ஸாம், ஹால் டிக்கெட் எடுத்துத் தாருங்கள் அண்ணே என்பவர்களுக்கு வீட்டில் பிரிண்டர் இருக்க வேண்டும். எங்களுக்கும் தூக்கம் வேண்டாமா.

மதுரைமல்லி

ஜெராக்ஸ் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் கடையில் பயம் விலை இல்லை. ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள், அல்லது பென் டிரைவ். பிரிண்ட் எடுத்தபின் அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரைப் பார்த்திருக்கிறீர்களா? ஊரில் பாதிப் பேருடைய ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் அதில் கிடக்கும். மாதம் பத்தே பக்கம் எடுத்தாலும் இதற்காகவே வீட்டில் ஒன்று வைத்திருக்கிறேன்.

ஜெராக்ஸ்கடை

அது உண்மைதான் மேடம். நான் ராத்திரி கடை மூடும்போது அழித்துவிடுவேன். எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். அனுப்பியவர்களும் பக்கத்திலேயே நின்று அழிக்கச் சொல்லலாம், தப்பில்லை.

ரிச்சிதெரு (சென்னை)

லேசர் பற்றி இவ்வளவு நேரம் யாரும் பேசாதது ஆச்சரியம். கறுப்பு மட்டும், விட்டு விட்டு, இரண்டு மாத இடைவெளி: இந்த மூன்றும் சேர்ந்தால் கறுப்பு வெள்ளை லேசர்தான். லேசரில் மைக்குப் பதில் டோனர் என்ற தூள், அது காயாது. ஆறு மாதம் கழித்துப் போட்டாலும் முதல் பக்கமே சுத்தமாக வரும்.

பழைய ஆட்களுக்குத் தெரியும், கேனான் எல்.பி.பி. 2900, எச்.பி. 1020. இரண்டும் உள்ளே ஏறத்தாழ ஒரே மெஷின். இரண்டின் டோனரும் ஒரே உருவம், எச்.பி.யில் 12ஏ, கேனானில் 303. 2,000 பக்கம். இந்தியாவில் எந்த ஊர் ஆபீசுக்குப் போனாலும் ஒன்று இருக்கும். இவை இன்னும் சாகாததற்குக் காரணம், அந்த டோனர் பெட்டியில் ஒரிஜினல்தானா என்று மெஷினுக்குச் சொல்லும் சிப் கிடையாது. தூள் தீர்ந்தால் கடையில் கொடுத்தால் 250, 300 ரூபாய்க்கு நிரப்பித் தருவார்கள். 1,500 பக்கமாவது ஓடும், பக்கத்துக்கு 20 பைசாவுக்குள். மூன்று நாலு ரீஃபிலுக்கு ஒரு தடவை டோனர் பெட்டிக்குள் இருக்கும் டிரம் (தூளைத் தாளில் பதிக்கும் உருளை), பிளேடு மாற்றச் சொல்வார்கள், அதற்குத் தனிக் காசு.

செகண்ட் ஹாண்டில் நாலைந்தாயிரத்துக்குக் கிடைக்கும். வாங்கப் போனால் கடையிலேயே பத்துப் பக்கம் ஓட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஏழரை சென்டிமீட்டருக்கு ஒரு தடவை ஒரே புள்ளி திரும்பத் திரும்ப விழுகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். விழுந்தால் டிரம்மில் கீறல். டோனரை மாற்றினால் சரியாகும், விலை பேசலாம். எழுத்தை விரலால் தேய்த்தால் உதிர்கிறதா, தூளைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் ஃப்யூசர் போயிருக்கிறது, அந்த மெஷின் வேண்டாம். காகிதத்தை இரண்டு இரண்டாக இழுத்தால் தாளைப் பிரித்துவிடும் ரப்பர் பேட் தேய்ந்திருக்கிறது, அது சின்னச் செலவு.

பென்குயின் (திருச்சி)

2900 வாங்குமுன் ஒன்று. அதில் வைஃபை கிடையாது, ஃபோனிலிருந்து நேராக எடுக்க முடியாது, கம்ப்யூட்டர் கட்டாயம் வேண்டும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள், டிரைவர் ஓட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 1020 கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் அதற்கு ஃபர்ம்வேரை (பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்ற வேண்டும். பிரதர், புதிய எச்.பி. இரண்டும் லினக்ஸில் தொந்தரவில்லை.

வைஃபை மாடல் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலிவு பிரிண்டர் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் பிடிக்கும். பிரிண்டர் என் வைஃபையைக் காட்டவே இல்லை என்று புலம்புமுன் ரவுட்டரில் 5 மட்டும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

கணக்கர்

ரிச்சி சார், செகண்ட் ஹாண்ட் எல்லாருக்கும் ஒத்துவராது. புது லேசர் என்றால் நிலைமை வேறு. எச்.பி. 108ஏ மாதிரி புது மாடல்களின் டோனரில் சிப் இருக்கிறது. 1,500 பக்கம். ஒரிஜினல் வாங்கினால் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்க்குக் குறையாது. அதற்கு டேங்க் இருபது மடங்கு மலிவு.

ஸ்க்ரூடிரைவர்

சிப் விஷயம் முக்கியம். சிப் என்றால் ரீஃபில் முடியாது என்றில்லை, கடையில் புது சிப் ஒட்டித் தருவார்கள். ஆனால் பிரிண்டர் ஃபர்ம்வேர் அப்டேட் ஆனதும் அந்தச் சிப்பை ஏற்காமல் போகலாம். இது கற்பனை இல்லை. 2016 செப்டம்பரில் எச்.பி.யின் ஆபீஸ்ஜெட் வரிசையில் உலகம் முழுக்க ஒரே நாளில் வேறு கம்பெனிக் கார்ட்ரிட்ஜ்கள் நின்றுபோயின. முன்பே அனுப்பிய அப்டேட்டில் அந்தத் தேதி ஒளிந்திருந்தது. சத்தம் போட்டபின் மன்னிப்புக் கேட்டு மாற்று ஃபர்ம்வேர் கொடுத்தார்கள், ஆனால் அந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. பெட்டியில் எச்.பி. பிளஸ் என்று போட்ட மாடல் என்றால் இன்னும் கறார்: எப்போதும் இன்டர்நெட்டில் இருக்க வேண்டும், ஒரிஜினல் மை மட்டும்தான். அதற்குச் சம்மதம் என்றால் வாங்குங்கள், தெரியாமல் வாங்காதீர்கள்.

புது லேசரில் எனக்குப் பிடித்தது பிரதர் எச்.எல்.-எல்2321டி. டோனர் தனி, டிரம் தனி. டோனர் டி.என்.-2365, 2,600 பக்கம். டிரம் 12,000 பக்கம். டோனரில் சிப் இல்லை. ஓரத்தில் ஒரு கியர் இருக்கிறது, ரீஃபில் செய்பவர் அதைத் திருப்பி வைத்தால் மெஷின் புது டோனர் என்று நம்பிவிடும். முக்கியமாக, தானே இரண்டு பக்கமும் அடிக்கும்.

கணக்கர்

இரண்டு பக்கம் என்றதும் எனக்கு இன்னொரு வரி எழுத வேண்டியிருக்கிறது. காகிதத்தை யாரும் சேர்க்கவில்லை.

500 தாள் கட்டு 300 ரூபாய் என்றால் தாள் 60 பைசா. டேங்கில் மை பத்துப் பைசா. அதாவது டேங்க் பிரிண்டரில் மையைவிடக் காகிதம் ஆறு மடங்கு! 4,500 பக்கத்துக்கு ஒன்பது கட்டு, 2,700 ரூபாய். இரண்டு பக்கமும் அடித்தால் பாதி. ரீஃபில் டோனரோடு பிரதரைப் போட்டால் டேங்குக்கும் அதற்கும் வித்தியாசம் மூன்று வருடத்தில் சில நூறு ரூபாய்தான். ஒரிஜினல் டோனர் மட்டுமே என்றால் டேங்க்தான் மலிவு, அதில் மாற்றமில்லை.

டேங்கில் விலை குறைந்த மாடல்களில் தானாக இரண்டு பக்கமும் அடிக்கும் வசதி (டூப்ளெக்ஸ்) கிடையாது. கையால் திருப்பிப் போடலாம், ஆனால் 20 பிள்ளைகளுக்கு நாலு பக்க வினாத்தாள் திருப்பிப் போட்டுப் பாருங்கள், ஒன்று தலைகீழாக வரும்.

கரும்புச்சக்கை (கரூர்)

காகிதம் என்றதும் வந்துவிட்டேன். 75 ஜி.எஸ்.எம். (தாளின் கனக் கணக்கு) வாங்குங்கள். 70 மலிவு, ஆனால் இன்க்ஜெட்டில் பின்பக்கம் மை தெரியும், இரண்டு பக்கம் அடிப்பதற்கு உதவாது. எங்கள் ஊர்ப் பக்கம் புகளூரில் டி.என்.பி.எல். காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் காப்பியர் தாள் நன்றாகவே ஓடுகிறது, விலையும் பரவாயில்லை.

மழைக்காலத்தில் கட்டைப் பிரித்து வெளியே வைக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் தாள் ஈரத்தை இழுத்து ஓரம் வளைந்துவிடும். லேசரில் அது நேராக ஜாம்தான், சூட்டில் இன்னும் சுருளும். வேண்டியதை மட்டும் டிரேயில் போட்டு மீதியை அதே உறையில் மடித்து வையுங்கள்.

பாபநாசம்பாலு

எல்லாரும் லேசர் பக்கம் சாய்கிறீர்கள். பையனுக்குக் கலர் வேண்டும் என்று சொன்னாரே? அப்புறம் ஸ்கேனர்? பிரதர் 2321-இல் இரண்டும் கிடையாது. வைஃபையும் கிடையாது.

டியூஷன்டீச்சர்

பாலு சார், மாதம் இரண்டு கலர் படத்துக்காக நாலு கலர் மையைக் காயாமல் காவல் காக்க வேண்டுமா? பத்து ரூபாய் கொடுத்து ஜெராக்ஸ் அண்ணன் கடையில் எடுத்துவிடலாம். ஸ்கேனுக்கு ஃபோன் போதும், ஆதாரையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் எந்த ஆபீசிலும் வாங்கிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தாலும் லேசர் எழுத்து கரையாது. டேங்க் மையில் பல மாடலில் எழுத்து கரைந்து ஓடிவிடும். எனக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் உங்கள் வீட்டில் தினமும் கலர் ஓடுகிறது என்றால், போட்டோ எடுக்கிறீர்கள் என்றால், நீங்கள் சொல்வதுதான் சரி. டேங்கை விட்டால் அந்த விலையில் கலர் வேறு எதிலும் கிடையாது.

மதுரைமல்லி

மாதம் பத்துப் பக்கக்காரி நான். என்னிடம் இருப்பது அந்தப் பழைய கார்ட்ரிட்ஜ் வகைதான். எல்லாரும் திட்டுகிறீர்கள், ஆனால் அதில் ஒரு வசதி: ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. காய்ந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிது. சர்வீஸ் என்று யாரையும் கூப்பிட வேண்டாம்.

ஸ்க்ரூடிரைவர்

சரியான பாயிண்ட். பத்துப் பக்கத்துக்கு அது போதும். 150 பக்கத்துக்கு அதை விற்கிற கடைக்காரரிடம்தான் எனக்குக் கோபம்.

கொள்ளிடத்தான்

எல்லாருக்கும் நன்றி. மனைவியிடம் இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். தண்ணீர் பாட்டில் வரியைக் கேட்டதும் அவர் முடிவு செய்துவிட்டார். லேசர், இரண்டு பக்கமும் அடிப்பது. பையனின் கலர் படம் தெருமுனைக் கடையில், அதுவும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கேட்டால் கிடையாது என்று அவனிடம் சொல்லியாயிற்று.

இரண்டு சந்தேகம். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கரண்ட் போனால் அதில் ஓடுமா? ரீஃபிலை முதல் தடவையே செய்யலாமா, வாரண்டி போகுமா?

ரிச்சிதெரு

இன்வெர்ட்டர் லைனில் போடாதீர்கள். லேசரில் ஃப்யூசர் சூடேறும்போது நொடியில் பல நூறு வாட் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.சில் செருகினால் கீ என்று கத்திவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும். சாதாரண சுவர் பிளக், முடிந்தால் எர்த் சரியாக இருக்கிற பிளக். கரண்ட் போனால் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இன்வெர்ட்டரில் ஓட வேண்டும் என்றால் இன்க் பிரிண்டர்தான், அது பத்துப் பதினைந்து வாட்டில் அடிக்கும்.

ஸ்க்ரூடிரைவர்

வாரண்டி பெரும்பாலும் ஒரு வருடம், இல்லையென்றால் இத்தனை பக்கம், எது முதலில் வருகிறதோ அது. அட்டையைப் படியுங்கள். அதுவரை ஒரிஜினல் டோனரிலேயே ஓட்டுங்கள், தூள் சிந்தி மெஷின் கெட்டால் அவர்கள் கை கழுவிவிடுவார்கள்.

பெட்டியோடு வரும் முதல் டோனர் பல மாடலில் முழு அளவு இருக்காது, ரீசெட் கியரும் இல்லாமல் வரும். அதை ரீஃபில் செய்யக் கொடுத்தால் தூள் நிறைந்திருக்கும், மெஷின் மட்டும் தீர்ந்தது தீர்ந்தது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு ஒரிஜினல் டி.என்.-2365 வாங்கி அது தீர்ந்தபின் அந்தக் காலிப் பெட்டியை ரீஃபிலுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது பழைய தூளைக் கொட்டிச் சுத்தம் செய்துவிட்டு நிரப்பச் சொல்லுங்கள், மேலே மேலே போட்டால் பக்கம் சாம்பலாக வரும். பிரதருக்கென்று தனித் தூள் இருக்கிறது. 12ஏ தூளையே எல்லாவற்றுக்கும் போடும் கடையாக இருந்தால் வேறு கடை பாருங்கள்.

கொள்ளிடத்தான்

குறித்துக்கொண்டேன் அண்ணா. சனிக்கிழமை தஞ்சாவூர் போகிறோம், அங்கே விலை விசாரித்துவிட்டு இங்கே போடுகிறேன். பரணில் இருக்கும் பழையதை யாராவது எடுத்துக்கொள்வார்களா?

ஜெராக்ஸ்கடை

யு.எஸ்.பி. கேபிளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் சார், புதியதுக்கு உதவும். மீதியைப் பழைய சாமான்காரர் எடைக்குத்தான் எடுப்பார்.